வாடகை வீல்சேர் கடை: உக்கார்றதுக்கா, நடிக்கறதுக்கா?

வடபழனி பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்கற மெடிக்கல் சாமான் வாடகைக் கடையைப் பத்தின ரிவ்யூ இது. வீல்சேர், வாக்கர், ஆஸ்பத்திரி கட்டில், கக்கத்துக் கட்டை, எல்போ கிரச் (முழங்கைக்குக் கீழ மாட்டிப் புடிக்கற ஊன்றுகோல்), பார்வை இல்லாதவங்களோட வெள்ளைக் குச்சின்னு எல்லாமே கிடைக்கும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போறவங்களும் வருவாங்க, ஷூட்டிங் ஆர்ட் டிபார்ட்மென்ட் பசங்களும் வருவாங்க, ஸ்கூல் ஆனுவல் டே டீச்சர்களும் வருவாங்க, மூணு கூட்டத்துக்கும் ஒரே கவுண்டர்தான். கடை பேர் போடல, ஏன்னா ஒரு புகாரும் சேத்துதான் எழுதப் போறேன். அவசரமா படிக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், நல்ல கடை, 5க்கு 3.5, ஆனா டெலிவரி எடுக்கும்போது வீல்சேர் வண்டியை நீங்களே ஒரு தடவை முழுசா செக் பண்ணிக்கோங்க.

நான் இதை எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. சின்ன வயசுல போலியோ, இடது கால்ல கேலிப்பர், அதாவது காலைத் தாங்கற கம்பிச் சட்டம், வலது கைல எல்போ கிரச். அதோட ஒரு சின்ன நாடகக் குழுல இருக்கேன், எப்பவாவது நடிப்பேன், மத்த நேரம் ப்ராப்பர்ட்டி, அதாவது மேடைச் சாமான் பொறுப்பு. அதனால இந்தக் கடைக்கு பேஷண்டாவும் போவேன் நாடகக்காரனாவும் போவேன். நடிக்கறவங்க மேடைல வீல்சேரையும் கட்டையையும் ப்ராப்பர்ட்டியா யூஸ் பண்ணலாமா கூடாதான்னு எங்க குழுல ரொம்ப நாளா ஓடற சண்டைக்கு எனக்கு ஓரளவு பதில் கிடைச்சது இந்தக் கடைலதான்.

கடை ஓனரை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவாங்க. யார் வந்து வீல்சேர் கேட்டாலும் அவர் வாய்ல வர்ற முதல் கேள்வி, "உக்கார்றதுக்கா, நடிக்கறதுக்கா?" முதல் தடவை கேக்கும்போது சிரிப்பு வந்துச்சு, ஆனா அவர் சீரியஸாதான் கேக்கறார். உள்ள ரெண்டு வரிசை வெச்சிருக்கார். முன்னாடி இருக்கறது பேஷண்ட் வண்டி, பின்னாடி சுவரோரமா இருக்கறது ஷூட்டிங் வண்டி. ஷூட்டிங் வண்டின்னா சீட் துணி தொஞ்சு போனது, கைப்பிடி ரெக்ஸின் கிழிஞ்சது, ஆனா ஃப்ரேம் நல்லா இருக்கறது. அதுல ஒரு நாள் முழுக்க உக்காந்தா இடுப்பு போயிடும், ஒரு சீனுக்கு உக்காரலாம். பிரேக் மட்டும் ரெண்டு வரிசைக்கும் ஒரே மாதிரி பாத்துதான் குடுப்பார். லைட் ஆஃப் ஆகி அடுத்த சீனுக்கு ஆளுங்க இருட்டுல ஓடும்போது பிரேக் புடிக்காத வண்டி மேடை விளிம்பு வரைக்கும் தானா உருண்டு போன கதை அவர்ட்ட நெறைய இருக்கு.

ஏன் பிரிச்சு வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். ஸ்கூல் ஆனுவல் டே சீசன் வந்தா வண்டி எல்லாம் ஸ்கூலுக்குப் போயிடுமாம், அந்த நேரம் பாத்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன பாட்டிக்கு வண்டி வேணும்னு வந்து நிப்பாங்களாம், இல்லன்னு சொல்ல வேண்டி வந்ததால இப்படிப் பிரிச்சாராம். ஒரு வண்டியை மேடைக்கு அனுப்பினா அந்த நாளைக்கு அது யாருக்குக் கிடைக்காம போகுதுன்னு இதுவரைக்கும் எந்த டைரக்டர் வாய்லயும் நான் கேட்டதில்ல.

வாடகை பேஷண்டுக்கு மாசக்கணக்கு, ஷூட்டிங்குக்கு நாள்கணக்கு, நாள்கணக்கு கொஞ்சம் ஜாஸ்திதான். அட்வான்ஸ் வாங்கறார், ரிட்டர்ன்ல கோணல் இருந்தா புடிச்சுக்கறார், அதுல தப்பில்ல.

இப்போ இந்தக் கடையோட ஸ்பெஷலுக்கு வர்றேன். போன சீசன்ல எங்க நாடகத்துல பக்கவாதம் வந்த அப்பா கேரக்டர். அதுல நடிக்கற குழு அண்ணனையும் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், பொதுவா ப்ராப்பர்ட்டி எடுக்க நடிகர் வர மாட்டாங்க, பாய்தான் ஆளையே கூட்டிட்டு வான்னார். அண்ணன் ஒல்லி உடம்பு, வந்ததும் கண்ணுல பட்ட 18 இஞ்ச் சீட் வண்டில உக்காந்தார், ரெண்டு பக்கமும் இடம் காலி. பாய் அதைத் தள்ளிட்டு 16 இஞ்ச் எடுத்துப் போட்டார். அடுத்து அண்ணன் டயரைப் புடிச்சு உருட்ட ஆரம்பிச்சார். "சார், ரோட்ல இருக்கற அசிங்கம் பூரா அந்த டயர்லதான் இருக்கும், அதை யாரும் புடிக்க மாட்டாங்க, வெளிப்பக்கம் ஒரு வளையம் இருக்கு பாருங்க அதைப் புடிங்க"ன்னார். சரின்னு ரெண்டு கையாலயும் வளையத்தைப் புடிச்சு ஜம்முன்னு வந்தார். பாய் நிறுத்தி, "உங்களுக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கு?"ன்னு கேட்டார். வலது பக்கம்னு அண்ணன் சொல்ல, "அப்ப வலது கை எப்படி உருட்டுது?"

எங்க யாருக்கும் அது தோணவே இல்ல, டைரக்டர் உட்பட. ஒரு கையால மட்டும் உருட்டினா வண்டி நேரா போகாது, வட்டமடிக்கும். அதனால பக்கவாதக்காரங்க நல்லா இருக்கற பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டைக் கழட்டிட்டு அந்தக் காலை தரைல ஊனி இழுத்து இழுத்துதான் போவாங்க, கை பாதி வேலை செய்யும் கால் பாதி வேலை செய்யும். பாய் ஸ்பேனர் கூட எடுக்கல, லாக்கைத் தட்டி இடது ஃபுட்ரெஸ்ட்டைக் கழட்டி மடில குடுத்துட்டார். அண்ணன் இடது காலால தரையை இழுத்துக்கிட்டு கடைக்குள்ள ஒரு சுத்து வந்தார், அந்த ஒரு சுத்துலயே கேரக்டர் வந்துடுச்சு, அதுக்கு முன்னாடி வாயைக் கோணிக்கிட்டு பண்ணின நடிப்பு எல்லாம் தேவையே படல.

கட்டைக்கும் இதே கதைதான். ஒத்தைக் கட்டையோ வாக்கிங் ஸ்டிக்கோ, அடிபட்ட காலுக்கு எதிர்ப் பக்கத்துக் கைலதான் புடிக்கணும், இடது காலுக்கு வலது கை. நான் சினிமால பாத்ததுல, நாடகத்துல பாத்ததுல, பாதிப் பேர் அடிபட்ட கால் பக்கமே புடிச்சிட்டு நடப்பாங்க, பாக்கறப்போ எனக்கே கீழ விழற மாதிரி இருக்கும். கக்கத்துக் கட்டைன்னா கக்கத்துல வெயிட்டைப் போட்டு தொங்குவாங்க. அப்படித் தொங்கினா நரம்பு அடிபட்டு கை மரத்துப் போயிடும், ரெண்டு மூணு விரல் இடைவெளி இருக்கணும், வெயிட் பூரா உள்ளங்கைலதான் இறங்கணும். வெள்ளைக் குச்சின்னா கறுப்புக் கண்ணாடி ஒண்ணைப் போட்டுக்கிட்டு தரைல டொக்கு டொக்குன்னு தட்டறதுதான் நடிப்புன்னு ஆகிப்போச்சு. அதைக் கத்துக்கிட்டவங்க இடதும் வலதுமா வீசிட்டுப் போவாங்க, இடது கால் முன்னாடி வைக்கும்போது குச்சி வலது பக்கம் இருக்கும், அடுத்த அடி எங்க வெக்கப் போறமோ அந்த இடத்தைத்தான் அது முன்கூட்டியே பாக்குது. இதெல்லாம் கத்துக்க அஞ்சு நிமிஷம் போதும், கேக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. கேலிப்பர்ல முட்டி லாக் விழும்போது 'டக்'னு ஒரு சத்தம் வரும், எந்திரிச்சு நிக்கற ஒவ்வொரு தடவையும் வரும், இவ்வளவு வருஷமா எந்த மேடைலயும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்ல.

சரி, புகார். எங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு, வீட்டுக்கு வீல்சேர் வேணும்னு ஃபோன் பண்ணினேன், அன்னிக்கு பாய் ஊர்ல இல்ல, கடைப் பையன்தான் எடுத்தான், "அனுப்பறேன்ணே"ன்னான். வந்து இறங்கினதைப் பாத்தா வளையம் பூரா தங்க கலர் ஸ்ப்ரே பெயிண்ட். ஏதோ பாட்டு ஷூட்டிங்குக்குப் போயிட்டு வந்திருக்கு. கைப்பிடில டபுள் சைட் டேப் அப்படியே பிசுபிசுன்னு ஒட்டிட்டு இருக்கு, வலது ஃபுட்ரெஸ்ட் லாக் விழல, கால வெச்சா மெதுவா சரியுது. அம்மா வளையத்தைத் தொட்டுட்டு புடவைல தொடைக்க, புடவை பூரா தங்கம். அவங்க சிரிச்சுட்டாங்க, எனக்குத்தான் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆபரேஷன் ஆன காலுக்கு ஃபுட்ரெஸ்ட் சரிஞ்சா என்ன ஆகும்னு இந்தப் பையனுக்குத் தெரியாதா? சாயங்காலமே வேற வண்டி மாத்திக் குடுத்தாங்க, அது ஓகே, ஆனா "பெயிண்ட் தானேண்ணே"ன்னு ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க, அதுக்குத்தான் ஒண்ணரை ஸ்டார் கட்.

தங்க வீல்சேர்னதும் வெளிநாட்டுக் கதைங்க ஞாபகத்துக்கு வந்துச்சு. 2011 ஜூலைல சிட்னில அமெரிக்கப் பாடகி லேடி காகா கடல்கன்னி வேஷம் போட்டுக்கிட்டு வீல்சேர்ல மேடைக்கு வந்தாங்க. வால் இருக்கே, கால் இல்லையே, அப்ப வீல்சேர், அவ்வளவுதான் லாஜிக். முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்காக வேலை பண்றவங்க கோவப்பட்டாங்க. இதுல ஒரு தமாஷ், பெட் மிட்லர்னு பழைய பாடகி நடிகை, அவங்களும் கோவப்பட்டாங்க, எதுக்குன்னா வீல்சேர்ல பாடற கடல்கன்னி வேஷத்தை 1980ல இருந்தே நான்தான் பண்றேன், அது என்னோடதுன்னு! வீல்சேர்லயே வாழற ஜனம் ஒரு பக்கம் கத்திக்கிட்டு இருக்கு, இங்க காப்பிரைட் பஞ்சாயத்து ஓடுது. அப்புறம் 2015 டிசம்பர்ல கைலி ஜென்னர்னு அமெரிக்க டிவி பிரபலம் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அட்டைக்கு தங்க கலர் வீல்சேர்ல பொம்மை மாதிரி உக்காந்து போஸ் குடுத்தாங்க. அதுல கேரக்டரும் இல்ல கதையும் இல்ல, செயலில்லாம கிடக்கற ஒரு உடம்பைக் காட்டறதுக்கு ஒரு ஃபர்னிச்சர், அவ்வளவுதான்.

ஆனா அதே லேடி காகாவுக்கு 2013ல இடுப்புல நிஜமாவே ஆபரேஷன் ஆச்சு, டூரைக் கேன்சல் பண்ணினாங்க, அப்பவும் தங்க முலாம் பூசின வீல்சேர்லதான் போனாங்க. அதை நான் ஒரு வார்த்தை தப்பு சொல்ல மாட்டேன். உன் வண்டி, உன் இடுப்பு, தங்கம் பூசு, வைரம் பதிச்சுக்கோ, என் கிரச்சுக்கு நானே சிவப்பு டேப் சுத்தி வெச்சிருக்கேன். எனக்கு கேள்வி வண்டி பளபளன்னு இருக்கா இல்லையான்றதுல கிடையாது. அதுல உக்கார்ற ஆளுக்கு அது எதுக்குன்னு மேடைல இருக்கறவங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அதான்.

அதனாலதான் நடிகருங்க தொடவே கூடாதுன்னு சொல்ற கட்சில நான் இல்ல. எங்க குழுல ஒரு தம்பி அப்படித்தான் சொல்றான், வீல்சேர் கேரக்டர்னா வீல்சேர் ஆளுதான் நடிக்கணும், இல்லன்னா அந்தக் கேரக்டரே வேணாம்னு. அவன் பேச்சுல நியாயம் இருக்கு. ஆனா பக்கவாதம் வந்த அப்பா இல்லாத தெரு இருக்கா, அவரை மேடைல இருந்து எடுத்துட்டா அப்புறம் நாங்க யாருமே கதைல இருக்க மாட்டோம். வேணாம்னு நான் சொல்றது ரெண்டே விஷயம். ஒண்ணு காமெடி, காது மெஷின் மாட்டினவர் "ஆங்?" "ஆங்?"ன்னு கேக்கறது, கட்டையைத் தட்டி விட்டு ஆளை விழ வெக்கறது, இன்னும் ஆடல் பாடல் மேடைலயும் டிவி ஷோலயும் கைதட்டு வாங்கிட்டுதான் இருக்கு. இன்னொண்ணு கிளைமாக்ஸ்ல அம்மன் பாட்டு ஓட வீல்சேர்ல இருந்து எந்திரிச்சு நிக்கறது, இல்ல வில்லன் கடைசில எந்திரிச்சு நின்னு இவ்வளவு நாளும் நடிச்சேன்னு சிரிக்கறது.

ரெண்டாவதுதான் எங்களுக்கு வினை. வீல்சேர் யூஸ் பண்றவங்கள்ல நெறைய பேரால கொஞ்சம் நிக்க முடியும், நாலு அடி நடக்க முடியும், ரொம்ப தூரம்தான் முடியாது, வலிக்கும், மூச்சு வாங்கும், அதுக்குத்தான் வண்டி. ஆனா ஜனங்களுக்கு சினிமாவும் நாடகமும் சொல்லிக் குடுத்திருக்கறது என்னன்னா, எந்திரிச்சா ஒண்ணு அற்புதம் இல்லன்னா ஃப்ராடு. ரயில்ல மாற்றுத்திறனாளி பெட்டில ஏறி சீட்ல மாறி உக்காந்தா "நல்லாத்தானே நடக்கறார், எதுக்கு வீல்சேர்?"னு பக்கத்துல காதுபடவே பேசுவாங்க. நடிகை சுதா சந்திரன் கதை எல்லாருக்கும் தெரியும், 1981ல திருச்சி பக்கம் பஸ் விபத்துல அடிபட்டு கால் போச்சு, ஜெய்ப்பூர் கால்னு சொல்ற செயற்கைக் காலை மாட்டிக்கிட்டு திரும்ப மேடைல பரதம் ஆடினாங்க, நாடே கை தட்டுச்சு. அவங்களே 2021ல வீடியோ போட்டு, ஒவ்வொரு தடவை ஏர்போர்ட் செக்கிங்லயும் காலைக் கழட்டச் சொல்றாங்கன்னு பிரதமர்ட்ட முறையிட வேண்டி இருந்துச்சு. அவங்களுக்கே இந்த கதின்னா எங்களை மாதிரி ஆளுங்களை யோசிச்சுப் பாருங்க.

சினிமால எங்களைக் காட்டற விதத்தைப் பத்தி 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ஒரு ஹிந்திப் படத்துல மாற்றுத்திறனாளிகளைக் கேலி பண்ணிருக்காங்கன்னு மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் பாடுபடற நிபுண் மல்ஹோத்ரா போட்ட கேஸ். எங்க வாழ்க்கையைப் புரிஞ்சுக்கிட்டுப் பண்ற காமெடி வேற, எங்களை மட்டம் தட்டற காமெடி வேறன்னு பிரிச்சு சொன்னாங்க, எங்களைப் பத்தி எடுக்கறப்போ எங்களையும் கலந்து பேசுங்கன்னும் சொன்னாங்க. வடபழனி சந்துல பாய் ஃபுட்ரெஸ்ட்டைக் கழட்டிக் குடுத்ததும் அதே வேலைதான், அவருக்கு கோர்ட் தேவைப்படல.

எங்க நாடகத்துலயே ஒண்ணு நடந்துச்சு. ரிகர்சல்ல கடைசி வணக்கம் சொல்றப்போ அண்ணன் வண்டில இருந்து எந்திரிச்சு நின்னார், அது சரி, அவர் நடிகர்னு எல்லாருக்கும் தெரியும், எந்திரிக்காம உக்காந்தே இருந்தாதான் டிராமாவா இருக்கும். ஆனா எந்திரிச்ச வேகத்துல இடிக்குதேன்னு வண்டியைக் கால்லயே பின்னாடி ஒரு தள்ளு தள்ளினார். எனக்கு சுள்ளுன்னு ஆயிடுச்சு. பொஸ்தகத்தைக் கால்ல தள்ளுவீங்களா, தபேலாவைத் தள்ளுவீங்களான்னு கேட்டேன். பாவம் மனுஷன் வேணும்னு பண்ணல, உடனே குனிஞ்சு பிரேக் போட்டு ஓரமா நிறுத்தினார், ஷோ அன்னிக்கும் அப்படியே பண்ணினார்.

ஆனா ஷோ அன்னிக்கு நடந்த இன்னொரு விஷயத்துக்கு அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஹால் மேடை 3 அடி உசரம், சைடுல குறுகலா படிக்கட்டு, கைப்பிடி கிடையாது. நாலு பசங்க சேந்து வீல்சேரை அலாக்கா தூக்கி மேல வெச்சாங்க, ஒருத்தன் "பாத்துடா, பாய் அட்வான்ஸ் புடிச்சுக்குவார்"னு கத்தறான். வண்டி ஏறிடுச்சு. நான் கிரச்சை முன்னாடி தூக்கிப் போட்டுட்டு சுவரைப் புடிச்சு ஒவ்வொரு படியா ஏறினேன். ஒரு ஆள் நிஜமா வீல்சேர்ல வந்து நடிக்கறேன்னா இங்க எப்படி ஏத்துவோம், மூட்டை மாதிரி தூக்கித்தான் போடணும். ரேம்ப்புக்கு, அதான் சாய்வுப் பாதைக்கு, கணக்கு 1க்கு 12, அதாவது 3 அடி மேடைக்கு 36 அடி நீளம் வேணும், இடம் எங்க இருக்குன்னு ஹால்காரங்க கேப்பாங்க, அதுவும் நிஜம்தான், வளைச்சுப் போடலாம், சின்ன லிஃப்ட் வெக்கலாம், வழியா இல்ல? கலை கலாச்சாரத்துல கலந்துக்கற உரிமைக்கு 2016 மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டத்துல தனிப் பிரிவே இருக்கு, ஹால் புக்கிங் ஃபார்ம்ல ஏசி வேணுமா, மைக் வேணுமான்னு கேக்கறாங்க, ரேம்ப்னு ஒரு வரி கிடையாது.

இது நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்ல. அலி ஸ்ட்ரோக்கர்னு அமெரிக்க நடிகை, வீல்சேர் யூஸ் பண்றவங்க, 2019ல அமெரிக்க நாடகத்துக்குக் குடுக்கற பெரிய விருதான டோனி அவார்ட் வாங்கினாங்க, வீல்சேர்ல இருந்து அதை வாங்கின முதல் ஆள். நியூயார்க்ல அவ்வளவு பெரிய அரங்கம், ஆடியன்ஸ்ல இருந்து மேடைக்குப் போக ரேம்ப் இல்ல, மத்தவங்க எல்லாம் சீட்ல இருந்து எந்திரிச்சு ஓடி வந்து வாங்க, இவங்க மேடைக்குப் பின்னாடி காத்திருந்து வந்து வாங்கினாங்க. அந்த ஊருக்கு பணமா இல்ல?

அதனால அடுத்த தடவை எந்த டைரக்டராவது வீல்சேர் சீன் வெச்சிருக்கேன்னு சொன்னா நான் முதல்ல கேக்கப் போறது அந்த ஹால்ல ரேம்ப் இருக்கான்னுதான். வண்டியைத் தூக்க நாலு பேர் இருக்கற குழுல மாற்றுத்திறனாளி ஒரு ஆள் கூட இல்லன்னா அந்த சீனை இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடைக்குத் திரும்ப வர்றேன். அங்கயும் வாசல்ல ரெண்டு படி! வீல்சேர் வாடகைக்கு விடற கடைக்கு வீல்சேர்ல போக முடியாது. பாய்ட்ட சொல்லிச் சொல்லி இப்போ ஒரு பலகை வெச்சிருக்கார், செங்குத்தா இருக்கு, மழைல வழுக்கும், அதுல தைரியமா ஏறாதீங்க. ஃபோன் பண்ணினா சாமானை கார் கிட்டயே கொண்டு வந்து காட்டுவாங்க. வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடிருக்கும். ஜிபே உண்டு, பில் கேட்டாதான் குடுப்பாங்க, கேளுங்க. வீட்டு யூஸுக்கு எடுக்கறவங்க சீட் அகலம், ரெண்டு பிரேக், ரெண்டு ஃபுட்ரெஸ்ட் லாக், முன்சக்கரம் ஆடுதா இல்லையா, இவ்வளவும் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க, கட்டை எடுக்கறவங்க அடில ரப்பர் புஷ் தேஞ்சிருந்தா மாத்தச் சொல்லுங்க, ஈரத் தரைல அது தேஞ்சிருந்தா ஆள் காலி. நாடகத்துக்கு எடுக்கறவங்க நடிகரைக் கூட்டிட்டுப் போங்க, பாய் இருக்கற நேரமா பாத்துப் போங்க, பையன்ட்ட மட்டும் விட்டுடாதீங்க, ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கற ஐடியா இருந்தா சொந்தமா ஒரு பழைய வண்டி வாங்கி அடிச்சுக்கோங்க.